புதுப்பிப்பு: கார் ஷெட் பட்டறையாகிவிட்டது

பழைய சைக்கிள், பெயிண்ட் டப்பா, அப்பாவின் தச்சுக் கருவிகள் எல்லாம் குவிந்து கிடந்த கார் ஷெட்டை எப்படிப் பட்டறையாக்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ‘முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள்’ என்றவர்களுக்கு நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

வேலை மேசையின் உயரம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 30 அங்குலம் சாப்பாட்டு மேசைக்குச் சரி. அந்த உயரத்தில் நின்றுகொண்டு மரத்தை இழைக்க இழைப்புளி தள்ளினால் முதுகு போய்விடும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரத்தை அளந்தேன். எனக்கு 34 அங்குலம். மேற்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினேன், சுத்தியல் அடித்தாலும் அதிராமல் நிற்கிறது.

அப்புறம் மின்சாரம். எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) போட்டாயிற்று. மழைக்காலத்தில் தரை ஈரமாகும் இடம், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

அப்பாவின் உளிகளைத் துரு எடுத்து, எண்ணெய் தடவி, சுவரில் கண்ணெதிரே மாட்டியிருக்கிறேன். வெல்டிங்கை மட்டும் வாசலுக்கு மாற்றப் போகிறேன். மரத்தூள் பக்கத்தில் தீப்பொறி வேண்டாம்.