கேலரிக்குப் போகிற பெண்ணுக்கு அழகுக் குறிப்பு எதற்கு?

முதல் டிக்கெட்:
வரும் ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கால்பந்து ஆட்டத்தை நேரில் பார்க்கப் போகிறேன். பிற்பகல் ஆட்டம், கூரை இல்லாத கேலரி. பத்து வருடமாகத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த அணி. என்ன உடுத்துவது, முகத்துக்கு என்ன போடுவது, கன்னத்தில் அணியின் நிறம் பூசிக்கொள்ளலாமா என்று நாலு நாளாக இதே யோசனை. அடிக்கடி போகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மேல்மாடம்:
வாழ்த்துகள் தோழி! நான் உதட்டுச்சாயத்தில் ஆரம்பிக்கப் போவதில்லை, சன்ஸ்கிரீனில் ஆரம்பிக்கிறேன்.

டியூபில் போட்டிருக்கிற பாதுகாப்பு எண், அதாவது எஸ்.பி.எஃப்., 30 இருந்தால் போதும். சருமத்தைச் சிவக்கவைக்கிற யூவி-பி கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தை அது தடுக்கும். 50 போட்டால் 98. அந்த ஒரு சதவீதத்தைவிட எவ்வளவு பூசுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பட்டாணி அளவு தொட்டுக்கொண்டால் டியூபில் எழுதியிருக்கிற பாதுகாப்பு கிடைக்காது. வெயிலில் இறங்கக் கால் மணி நேரம் முன்னால் பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். ஆட்டம் 90 நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். வாசலில் வரிசை, இடைவேளை, வெளியே வருகிற நெரிசல் எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரம் தாண்டிவிடும். நான் இடைவேளை விசில் ஊதியதும் டியூபை எடுத்துவிடுவேன்.

எல்லாரும் விட்டுவிடுகிற இடங்கள் காது மடல், பிடரி, அப்புறம் தலை வகிடு. நான் போக ஆரம்பித்த வருடம், ஓர் ஆட்டம் முடிந்து வீட்டில் தலை வாரும்போது சீப்பின் பல் வகிட்டில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் முடிக்கு நடுவே சிவப்பு நூல் ஓட்டியது போல ஒரு கோடு. மூன்றாம் நாள் அது செதில் செதிலாக உரிந்து, பொடுகு கொட்டுவது போலத் தோளில் விழுந்தது. அன்றிலிருந்து தொப்பி இல்லாமல் போவதில்லை. தொப்பி பிடிக்காதென்றால் வகிட்டிலும் ஒரு விரல் சன்ஸ்கிரீன் இழுத்துவிடுங்கள்.

புருவத்துக்கு மேலே மட்டும் குச்சி வடிவில் வருகிறதைப் போடுங்கள். நெற்றி வியர்வையோடு கிரீம் கண்ணுக்குள் இறங்கினால் எரிகிற எரிச்சலில் ஆட்டத்தில் பத்து நிமிடம் போய்விடும்.

பத்தாம் வரிசை:
சன்ஸ்கிரீன் வரை சரி. ஆனால் இதை ஏன் பெண்களுக்கான அழகுக் குறிப்பு ஆக்க வேண்டும்? ஆண்களுக்குப் பிடரி எரியாதா? முதன்முதலாக ஆட்டத்துக்குப் போகிற ஓர் ஆண், கன்னத்துக்கு என்ன போடலாம் என்று நாலு நாள் யோசிக்கிறானா?

எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. 2018 உலகக் கோப்பையின்போது, கூட்டத்தில் அழகான இளம்பெண்களைத் தேடித் தேடி நெருக்கத்தில் காட்டுவதைக் குறையுங்கள் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே ஒளிபரப்பாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதே சமயத்தில் ஒரு பெரிய புகைப்பட நிறுவனம் கவர்ச்சியான ரசிகைகள் என்று ஒரு தொகுப்பே போட்டு, கண்டனம் வந்த பிறகு எடுத்தது. நாம் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறோம், கேமரா நம்மைப் பார்க்க வருகிறது. இந்த மாதிரிக் குறிப்புகள் எல்லாம் கடைசியில் அந்தக் கேமராவுக்குத்தான் உதவுகின்றன.

ஈரானில் ஏறக்குறைய 40 வருடம் பெண்களைக் கால்பந்து மைதானத்துக்குள் விடவில்லை. 2019 அக்டோபரில்தான் தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் கம்போடியாவுடனான தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு அவர்கள் டிக்கெட் வாங்கிப் போனார்கள். இவ்வளவு போராடிக் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு மஸ்காரா கலைந்ததா என்று பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை.

கோல் கம்பம்:
அந்த ஆசாதி ஆட்டத்தின் படங்களை நானும் பார்த்தேன். ஈரான் 14-0 என்று ஜெயித்த ஆட்டம். அந்தப் பெண்களில் எத்தனை பேர் கன்னத்தில் கொடியின் மூன்று நிறத்தையும் பூசியிருந்தார்கள் என்று கவனித்தீர்களா? தனியாக ஒதுக்கிய பகுதியில், பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக, முகம் நிறைய வண்ணத்தோடு நின்றார்கள். அதை யாருக்காகப் பூசினார்கள்? கேமராவுக்கா? அவ்வளவு வருடம் காத்திருந்த ஒரு நாளுக்காகப் பூசினார்கள். அலங்காரமும் ஆட்டத்தின் மேல் இருக்கிற ஆசையின் பகுதிதான். அதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

முதல் டிக்கெட், உடை பற்றி: ஜெர்சி போடுங்கள். பெண்கள் அளவு என்று விற்கிற ஜெர்சி பலவற்றில் இடுப்பைப் பிடிக்கும், நீளம் குறையும், கை தூக்கினால் வயிறு தெரியும். கோல் விழுந்தால் கை தூக்காமல் இருப்பீர்களா? போட்டுப் பார்க்கும்போதே இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்துப் பாருங்கள். அணியின் நிறத்தை விட்டுவிட்டு வெறும் ரோஜா நிறத்தில் அடித்துத் தருவதை நான் வாங்கவே மாட்டேன். என் அணிக்கு ஒரு நிறம் இருக்கிறது, எனக்கும் அதே நிறம்தான் வேண்டும். ஆண்கள் அளவில் சிறியதை எடுத்து, முன்பக்கம் மட்டும் பேண்ட்டுக்குள் செருகிவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

காதில் தோடு மட்டும். வளையம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்கும்போது அவர் கழுத்துத்துண்டு என் வளையத்தில் மாட்டி, காது மடல் கிழியாமல் தப்பியது.

நடுக்கோடு:
நான் ஆண், ஒரே ஒரு வேண்டுகோள். உச்சிக்கொண்டையும் அகல விளிம்புத் தொப்பியும் பின்வரிசைக்காரரின் கண்ணை மறைக்கும். முன்னால் மட்டும் மடல் நீட்டியிருக்கிற தொப்பி, தாழ்ந்த பின்னல் இரண்டும் எல்லாருக்கும் நல்லது. ஸ்ப்ரே டப்பாவையும் கண்ணாடிக் குப்பியையும் பல மைதானங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பை அளவுக்கும் விதி இருக்கும், டிக்கெட்டில் பாருங்கள். அமெரிக்க வகைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2013 முதல் உள்ளே தெரிகிற பைகளைத்தான் அனுமதிக்கிறது. சின்னக் கைப்பைக்கு மட்டும் விலக்கு.

பத்தாம் வரிசை:
கோல் கம்பம், ஆசாதி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அந்தப் படங்களில் வண்ணம் இருந்தது உண்மை. ஆனால் கொடி நிறம் பூசுவது வேறு, அழகாகத் தெரிய வேண்டும் என்று முகத்தைத் திருத்துவது வேறு. ஒரு தடவை உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைக்காரர், எனக்கு ஆட்டம் தெரியுமா என்று சோதிக்க, ஆஃப்சைடு விதி என்றால் என்ன என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டார். என்னோடு வந்த தம்பியிடம் கேட்கவில்லை. அதிலிருந்து எதுவும் போடாமல்தான் போகிறேன்.

கோல் கம்பம்:
நான் வெறும் முகத்தோடு, தலையைக்கூடச் சரியாக வாராமல் போன அன்றைக்கும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். உதட்டில் என்ன இருந்தது என்று அவர்கள் பார்க்கவே இல்லை. அப்படியிருக்க அவர்களுக்காக நீங்கள் ஏன் உங்கள் சாயத்தை விட வேண்டும்? எனக்குக் கோபமாக வருகிறது, உங்கள் மேல் இல்லை.

மேல்மாடம்:
முக வண்ணம் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இது ஆபத்தில்லாமல் செய்ய வேண்டிய காரியம். படம் வரைகிற அக்ரிலிக் வண்ணத்தை முகத்தில் தொடவே கூடாது. அது காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி இறுகிவிடும், உரிக்கும்போது பூனைமுடியும் சருமமும் சேர்ந்து வரும். முகத்துக்கென்றே செய்த, தண்ணீரில் கரைகிற வண்ணத்தை வாங்குங்கள். நாளைக்கே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டளவு வைத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். கைவேலைக்கு விற்கிற மினுமினுப்புத் தூள் கண்ணருகே வேண்டவே வேண்டாம், விளிம்பு கூர்மை, விழியைக் கீறும்.

வரிசை இதுதான்: சன்ஸ்கிரீன், அது ஊறப் பத்து நிமிடம், பிறகு ஈரப் பஞ்சால் வண்ணத்தை மெல்லிசாக ஒற்ற வேண்டும். கெட்டியாகப் பூசினால் நீங்கள் கத்துகிறபோது வாயோரம் வெடிக்கும். வண்ணத்தின் மேல் சன்ஸ்கிரீன் திரும்பப் பூச முடியாது, அதனால் இரண்டு கன்னத்திலும் இரண்டு விரல் அகலப் பட்டையோடு நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் முகம் கழுவுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் வெயில் பட்ட சருமம் புண்ணாகிவிடும்.

முதல் டிக்கெட்:
எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். ஆண்கள் அளவு ஜெர்சி, பின்னல், முன்மடல் தொப்பி, தோடு, தட்டையான ஷூ. இரண்டு கன்னத்திலும் பட்டை. உதட்டுச்சாயம் போடத்தான் போகிறேன், அணியின் சிவப்பிலேயே ஒன்று வைத்திருக்கிறேன். பத்தாம் வரிசை, நீங்கள் சொன்ன கேமரா விஷயம் மனதில் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் அந்த நிறத்தோடு என்னைப் பார்த்தபோது இருந்த மகிழ்ச்சி என்னுடையது.

பத்தாம் வரிசை:
போடுங்கள். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை, இந்தப் பேச்சை ஆண்களிடமும் இதே அக்கறையோடு பேச வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். உங்கள் இருக்கை எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? பிற்பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்கக் கேலரியில் உட்கார்ந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். எதிர்ப்பக்கம் என்றால் கடைசி அரை மணி நேரம் நேராகக் கண்ணில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

முதல் டிக்கெட்:
டிக்கெட்டைப் பார்த்தேன், கிழக்குக் கேலரி. கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டேன்.