கம்பி பிடிக்கும் பல்லின் ஈறில் இரத்தம்: பல் செட்டுதான் காரணமா?

பாலாற்றங்கரை (காட்பாடி):
68 வயதான என் தந்தைக்குக் கீழ்த்தாடையில் கடைவாய்ப்பற்கள் இரண்டு இல்லாததால், சென்ற ஆண்டு கழற்றி மாட்டும் பல் செட்டு வைத்தோம். இருவேளையும் பல் துலக்குகிறார். ஆயினும் செட்டின் கம்பி பிடித்திருக்கும் பல்லின் ஈறு சிவந்து, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. பேரப்பிள்ளைகள் முன் பொக்கை வாயோடு இருக்கக் கூச்சப்பட்டு, இரவிலும் அதைக் கழற்றுவதில்லை. செட்டின் அளவில் குறையா, துலக்குவதில் குறையா?

குடியாத்தத்துப் பல் மருத்துவர்:
ஐயா, அளவைச் சந்தேகிப்பதற்கு முன், அந்தப் பல்லின் இடைவெளியைப் பார்த்த பக்கத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் பல் போனபின் திறந்து கிடக்கும் அந்தச் சுவரைத் தொடாமலே பிரஷ் தாண்டிச் சென்றுவிடும். செட்டு மூடியிருப்பதால் உமிழ்நீரும் அங்கே சரியாக அலசாது. அகற்றப்படாமல் படியும் கிருமிப்படலம் நாளடைவில் காரையாக இறுகிவிட்டால், எவ்வளவு தேய்த்தாலும் வராது. ஈறு வீக்கம் மட்டும் என்றால் சுத்தம் செய்தபின் பெரும்பாலும் ஆறிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் தானாக மீளாது, செட்டைத் தாங்கும் பல்லே ஆடத் தொடங்கும்.

செட்டைக் கழற்றியபின், நாடாவாகக் கிழித்த மல் துணியை அந்தப் பல்லின் பின்புறமாகச் சுற்றி, இருமுனையையும் பிடித்து மெல்ல இழுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். இரவில் செட்டு வாயில் இருக்கவே வேண்டாம்; சாதாரணத் தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும். வெந்நீர் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். சர்க்கரை நோயும் ஈறைப் பாதிக்கும் என்பதால், இரத்தச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டைக்காரர்:
பதினோரு ஆண்டுகளாகச் செட்டு அணிகிறேன். தொடக்கத்தில் பற்பொடி போட்டுத் தேய்த்ததில் மேற்பரப்பெல்லாம் கீறல் விழுந்து, அதில் காபிக் கறை ஏறியது. இப்போது மென்மையான பிரஷும் கை கழுவும் சோப்பும்தான். நம்மூர் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்ட அன்று, உடனே கழற்றி அலசாவிட்டால் விதை அடியில் புகுந்து உயிரை வாங்கும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய வாளி இருக்கட்டும்; என் முதல் செட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

பாலாற்றங்கரை:
நேற்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். தாங்கள் கூறிய அதே பக்கத்தில், ஈறை ஒட்டி மஞ்சள் கோடு ஒன்று இருக்கிறது. மல் துணிக்கு அசையவில்லை.

குடியாத்தத்துப் பல் மருத்துவர்:
காரையாகத்தான் இருக்கும். பல் மருத்துவரிடம் காட்டப் போகும்போது செட்டையும் எடுத்துச் செல்லுங்கள். காரையை எடுத்து ஈறின் வீக்கம் வற்றிய பிறகே, கம்பி அழுத்துகிறதா என்பதைச் சரியாகக் கணிக்க முடியும்.