வயோலாவுக்கு மாறுவது பின்னடைவா?

கேள்வி: மகள் எட்டு வருஷமா வயலின் கத்துக்கிறா. இப்ப வயலின் மாதிரியே, ஆனா கொஞ்சம் பெரிசா இருக்கிற வயோலாதான் வேணும்னு பிடிவாதம். "வயலின் வராதவங்க போற இடம்"னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லிட்டார். மனசே சரியில்லை.

பதில் 1: லயனல் டெர்டிஸ் பத்திப் படிங்க. 1876ல இங்கிலாந்துல பிறந்தவர். வயலின் படிச்சிட்டு, வயோலாவை விரும்பி எடுத்து, அதைத் தனிக் கச்சேரி மேடைக்கே கொண்டுவந்தவர். இசையமைப்பாளர் வால்டன் அவரை நினைச்சு ஒரு வயோலா கான்செர்டோ (வாத்தியக் குழுவோட தனி வாத்தியம் வாசிக்கிற இசை) எழுதினார்; டெர்டிஸ் அதோட புதுமை பிடிபடாம திருப்பி அனுப்பிட்டார். 1929ல லண்டன்ல ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் அதை வாசிச்சார். பிறகு தப்பை ஒத்துக்கிட்டு டெர்டிஸே அதை மேடையேத்தினார். எனக்கு அவர்மேல மரியாதை கூடினது அங்கதான். 1937ல வலது கைவலியால ஒதுங்கினார். சும்மா இருக்கலை, பதினாறே முக்கால் அங்குல உடல் நீளத்துல புது வயோலா வடிவமைச்சார்.

பதில் 2: நான் வயோலா வாசிக்கிறவ. அதுக்கு வயலினைவிட அஞ்சு சுரம் கீழே சுருதி. அந்த ஆழத்துக்கு வாத்தியத்தோட உடல் இன்னும் பெரிசா இருக்கணும், ஆனா தோள்ல தாங்கணுமே. அதனால தேவையைவிடச் சின்னதாவே செய்றாங்க; ரொம்பக் கீழான கடைசித் தந்தி, 'சி' தந்தி, சட்டுனு பேசாது. வில்லை மெதுவா, கனமா இழுக்கணும். பேசிடுச்சுன்னா தாடை எலும்புல அதிர்வு தெரியும். எனக்கு முதல் நாளே கண் கலங்கிடுச்சு. சுண்டுவிரல் எட்டுதான்னு மட்டும் பாருங்க, எட்டலைன்னா சின்ன அளவு வாங்குங்க.

கேட்டவர்: அவளும் தாடையைத் தொட்டுக் காட்டி இதையேதான் சொன்னா அக்கா. சனிக்கிழமை அளவு பார்க்கப் போறோம்.