குழந்தைகள் மருத்துவ முதுநிலைப் பயிற்சி: ஒவ்வொரு வருடமும் என்ன மாறியது?

தளிர்:
அடுத்த மாதம் மூன்று வருடப் பயிற்சியில் சேர்கிறேன். படித்து முடித்தவர்களும் நடுவில் இருப்பவர்களும், வருடத்துக்கு வருடம் உங்களுக்கு என்ன மாறியது என்று சொல்லுங்களேன்.

இரவுப்பணி (மூன்றாம் வருடம்):
முதல் வருடம் எனக்கு எடையோடுதான் போனது. எடை தெரியாமல் கேஸ் ஷீட்டில் ஒரு மருந்துகூட எழுத முடியாது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. டிரிப்ஸ் என்றால் ஒரு நாளைக்கு முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. அதாவது 14 கிலோ குழந்தைக்கு 1,200 மி.லி. இந்தக் கணக்கு தூக்கத்திலும் வர வேண்டும்.

ஒரு நைட் டூட்டியில் 8 கிலோ குழந்தைக்கு, பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் 18 கிலோவை வைத்து டோஸ் எழுதிவிட்டேன். மருந்து எடுக்கப் போன செவிலியர் நின்று, “டாக்டர், இது எந்தக் குழந்தையோட எடை?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் இரண்டு மடங்குக்கும் மேல் போயிருக்கும். அன்றிலிருந்து எடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்புறம் வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சின்ன ஊசிக்குழாய். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவே கிடைக்காது. உள்ளங்கைக்கு அடியில் சின்ன டார்ச்சைப் பிடித்தால், சிவந்த வெளிச்சத்தில் நரம்பு கறுப்புக் கோடாகத் தெரியும் என்று ஒரு சீனியர் காட்டிக் கொடுத்தார். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டாம் வருடம் பச்சிளம் குழந்தைப் பிரிவும் பிரசவ அறையும். பிறந்த குழந்தை அழவில்லை. துடைத்து, முதுகை வருடிப் பார்த்தோம், மூச்சு இல்லை. முதல் ஒரு நிமிடத்துக்குள் பேக்-மாஸ்க் (முகத்தில் மாஸ்க்கை வைத்து, பையை அமுக்கி மூச்சுக் கொடுப்பது) தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. புத்தகத்தில் இவ்வளவுதான். ஆனால் நான் அமுக்க அமுக்க மார்பு ஏறவில்லை. கழுத்து கொஞ்சம் மடங்கியிருந்தது. நேராக்கி, மாஸ்க்கை மறுபடி அழுந்த வைத்தபோதுதான் ஏறியது. இதயத்துடிப்பு 100-ஐத் தாண்டி, பிறகு அழுகைச் சத்தம் வந்தது. என் கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இந்த வருடம் அதே அறையில் முதலாமாண்டு மருத்துவர் பேக் பிடித்தார், மார்பு ஏறவில்லை. என் கை தானாக முன்னால் போயிற்று. இழுத்துக்கொண்டு, “மார்பு ஏறுதா பாருங்க” என்று மட்டும் சொன்னேன். அவரே தலையைச் சரிசெய்தார். அடுத்த மூச்சில் ஏறியது. ஸ்டெதஸ்கோப் வைத்திருந்த செவிலியர், துடிப்பு கூடுவதை விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். இன்னும் ஒரு மூச்சு ஏறாமல் இருந்திருந்தால் நானே வாங்கியிருப்பேன். எப்போது விட்டுவைப்பது, எப்போது வாங்குவது என்பதுதான் மூன்றாம் வருடத்தில் எனக்குப் பாடம்.

பழைய சீனியர்:
தீசிஸ், தேர்வு எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். பெற்றோரிடம் பேசுவதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன். முதல் வருடத்தில் வாசலில் நின்றபடி ரத்தப் பரிசோதனை எண்களைச் சொல்லிவிட்டு ஓடுவேன். கடைசி வருடத்தில் ஒரு குழந்தையை இழந்தோம். அம்மாவை உட்கார வைத்து, நானும் உட்கார்ந்து, “குழந்தை இறந்துடுச்சும்மா” என்று தெளிவாகச் சொன்னேன். “போயிட்டான்”, “எங்களால முடியல” என்று சுற்றி வளைத்தால் அவர்களுக்குப் புரியாமலே போகலாம். அப்புறம் நான் எதுவும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, “கடைசில வலிச்சிருக்குமா?” என்று கேட்டார். மயக்க மருந்தில்தான் இருந்தான், வலி தெரிந்திருக்காது என்று சொன்னேன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டியூப்களை எடுத்து, துணி சுற்றி, கையில் கொடுத்தோம்.