ரெண்டு பேட்டரி கணக்கு: ஒரு பேட்டரில மட்டும் கரண்ட் மைனஸ்ல வருது, எங்க தப்பு?

மின்மினி12
ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். கணக்கு இதுதான். 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு, அக மின்தடை (பேட்டரிக்குள்ளயே இருக்கற மின்தடை) 1 ஓம். 6 வோல்ட் பேட்டரி ஒண்ணு, அதுக்கும் 1 ஓம். ரெண்டோட ப்ளஸ்ஸும் மேல ஒரே புள்ளில சேருது, மைனஸ் ரெண்டும் கீழ ஒரே புள்ளில. அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல 4 ஓம் மின்தடை. ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு கரண்ட்?

மொதல்ல 12ஐயும் 6ஐயும் கூட்டி 18, மின்தடை மொத்தம் 6, அப்ப 3 ஆம்பியர்னு போட்டேன், விடை அது இல்ல. அப்புறம் கிர்க்காஃப் விதி (சந்துக்கு வர்ற கரண்ட்டும் போற கரண்ட்டும் சமம், ஒரு சுத்து வந்தா வோல்ட்டேஜ் மொத்தம் பூஜ்யம்) வெச்சு, ரெண்டு பேட்டரில இருந்தும் மேல் பக்கம் அம்புக்குறி போட்டு செஞ்சா 12ல 4 ஆம்பியர் வருது, 6ல மைனஸ் 2 வருது. பேட்டரின்னா கரண்ட்ட வெளிய தள்ளணும்ல? அழிச்சு அழிச்சு மூணு தடவ போட்டாச்சு, நோட்டு கிழிஞ்சதுதான் மிச்சம், அதே மைனஸ் 2. நாளான்னைக்கு டெஸ்ட்டு, யாராவது சொல்லுங்க.

சாக்பீஸ்
அழிக்காதப்பா, நீ போட்டது சரி. அம்புக்குறிங்கிறது கணக்கு போடறதுக்கு முன்னாடி நாம ஒரு உத்தேசமா வெக்கிறது, அவ்வளவுதான். விடை மைனஸ்ல வந்தா கரண்ட் அம்புக்கு எதிர்ப்பக்கம் போகுதுன்னு அர்த்தம். 2 ஆம்பியர் 6 வோல்ட் பேட்டரியோட ப்ளஸ் வழியா உள்ள போகுது, அதாவது அது சார்ஜ் ஆகிட்டு இருக்கு.

18ஐ 6ஆல வகுத்தது ஏன் தப்புன்னா, ஒண்ணோட ப்ளஸ்ல இன்னொண்ணோட மைனஸ்ஸ மாட்டி தொடரா போனாத்தான் வோல்ட்டேஜ கூட்டணும். இங்க ப்ளஸ்ஸும் ப்ளஸ்ஸும் முட்டிக்கிட்டு நிக்குது.

பிள்ளைங்க தடுமாறறது குறி போடறதுலதான், அதனால அத மட்டும் நிதானமா சொல்றேன். கண்ணிய, அதாவது கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்ற மூடின பாதைய, சுத்தி விரல வெச்சு நடந்து போ. பேட்டரிய மைனஸ்ல நுழைஞ்சு ப்ளஸ்ல வெளிய வந்தா ஏத்தம், கூட்டு. மின்தடைல கரண்ட் போற பக்கமே போனா இறக்கம், கழி. கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தா மொத்தம் பூஜ்யம், ஏன்னா ஒரே புள்ளிக்கு ரெண்டு உயரம் இருக்க முடியாது. உன் கணக்குல 12 வோல்ட் பேட்டரியும் 4 ஓமும் இருக்கற கண்ணி: 12 − 4×1 − 2×4 = 0. 6 வோல்ட் பேட்டரியும் 4 ஓமும் இருக்கற கண்ணி: 6 + 2×1 − 2×4 = 0. மேல் சந்தில 4 ஆம்பியர் வருது, அதுல 2 ஆம்பியர் 6 வோல்ட் பேட்டரிக்குள்ள போகுது, மீதி 2 ஆம்பியர் 4 ஓம் மின்தடைக்கு போகுது. எல்லாம் சரியா இருக்கே! கிர்க்காஃப் இந்த விதிகள 1845ல சொன்னப்ப அவரும் மாணவர்தான்.

இன்வெர்ட்டர்_அண்ணன்
வாத்தியார் சொன்னத நான் கையால தொட்டே பாத்திருக்கேன் தம்பி. ஒரு வீட்ல பேக்கப் நிக்கலன்னு கூப்ட்டாங்க, போய் பாத்தா பழைய 12 வோல்ட் பேட்டரி பக்கத்துலயே புதுசு ஒண்ண பேரலல்ல மாட்டி வெச்சிருக்காங்க. மெயின் ஆஃப், லோடு ஒண்ணும் இல்ல, இருந்தும் ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்கற ஒயர்ல டிசி க்ளாம்ப் மீட்டர (ஒயர சுத்தி கவ்வி கரண்ட அளக்கற கருவி) வெச்சா 9 ஆம்பியர் காட்டுது. பழைய பேட்டரிய தொட்டா சூடு. அதுல ஒரு செல் போயிருந்தா வோல்ட்டேஜ் 10.5 பக்கம் இறங்கிடும், புதுசு 12.7ல நிக்கும், அப்ப புதுசு ராத்திரி பூரா பழசுக்கு கொட்டிக்கிட்டே கிடக்கும். பழசையும் புதுசையும் பேரலல்ல சேக்காதீங்கன்னு நாங்க தலையால அடிச்சுக்கறது இதுக்குத்தான்.

உன் படத்துல அந்த 4 ஓம்ம கழட்டிட்டு பாரு. 12ல 6 போனா 6, வழில 2 ஓம், 3 ஆம்பியர் சும்மாவே ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ஓடும்.

மின்மினி12
ரொம்ப நன்றி சார், அண்ணா. அப்ப எப்பவுமே சின்ன வோல்ட் பேட்டரிக்கு மைனஸ்தான் வருமா? அப்படின்னா மொதல்லயே அம்ப திருப்பி போட்டுடலாம்ல?

ஓம்காரம்
இல்ல, லோட, அதாவது நடுவுல மாட்டற மின்தடையப் பொறுத்தது. மேல் புள்ளியோட வோல்ட்டேஜ மட்டும் கண்டுபிடி, ஒரே சமன்பாடு போதும்: ஒவ்வொரு பேட்டரி வோல்ட்டையும் அதோட அக மின்தடையால வகுத்து கூட்டு, 12 + 6 = 18. கீழ ஒவ்வொரு மின்தடையோட தலைகீழையும் கூட்டு, 1 + 1 + 0.25 = 2.25. வகுத்தா 8 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியோட முனைல 8 வோல்ட் உக்காந்திருக்கு, அப்ப கரண்ட் உள்ளதான போகும்.

இப்ப 4 ஓமுக்கு பதிலா 1 ஓம் போடு. 18 ÷ 3 = 6 வோல்ட், சின்ன பேட்டரில கரண்ட் சுத்தமா பூஜ்யம், 12 வோல்ட்டுதான் 6 ஆம்பியரையும் குடுக்குது. அரை ஓம் போடு, 18 ÷ 4 = 4.5 வோல்ட், இப்ப சின்னதும் 1.5 ஆம்பியர் வெளிய தள்ளுது. அதே பேட்டரி, அதே ஒயர், லோடு மாறினதும் பக்கம் மாறிடுச்சு. எனக்கு இந்த பாடத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். அதனால அம்ப எந்த பக்கம் வேணா போடு, குறி தானா சொல்லிடும்.

மின்மினி12
பவர் போட்டு பாத்தேன் அண்ணா. 12 வோல்ட் பேட்டரி குடுக்கறது 12 × 4 = 48 வாட். சூடா போறது 16 + 4 + 16 = 36. மீதி 12 வாட், 6 × 2 = 12, அது அப்படியே சின்ன பேட்டரிக்குள்ள போயிருக்கு. சரியா வந்துடுச்சு!! இப்ப அரை ஓமுக்கும் போட்டு பாக்கறேன்.