லாபம் உச்சமாக வேண்டிய இடத்தில் 500 நட்டம் வருகிறது, யாராவது பாருங்கள்

முதல்பருவம் – இரவு 8:10
வணக்கம். வணிகக் கணிதம், முதல் பருவம். லாபத்தை உச்சமாக்கும் கணக்கு. தேவைச் சார்பு, செலவுச் சார்பு இரண்டும் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் சொன்ன மாதிரியே சமப்படுத்திப் போட்டேன், 300 வருகிறது. அதை லாபத்தில் போட்டால் −500. உச்ச லாபம் எப்படி நட்டமாக இருக்கும்? விடைப் பக்கத்தில் 3,820 என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுவிட்டேன், அதே 300, அதே −500. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும். எங்கே தப்பு என்று மட்டும் சொன்னால் போதும்.

பென்சில்முனை – இரவு 8:17
சார்பு என்ன என்று தெரியாமல் தப்பு எங்கே என்று எப்படிச் சொல்வது? விலைச் சார்பு, செலவுச் சார்பு, எதை எதற்குச் சமப்படுத்தினீர்கள், இந்த மூன்றையும் அப்படியே எழுதுங்கள்.

விரிதாள் – இரவு 8:21
கையால் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எக்செலில் ஒரு கட்டத்தில் அளவு, அடுத்த கட்டத்தில் லாபம், அப்புறம் சால்வர் என்ற தீர்வு தேடும் கருவியைத் திறந்து லாபத்தை உச்சமாக்கச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, முறையைச் சிம்ப்ளெக்ஸ் எல்பி என்று வைத்துவிடாதீர்கள். இங்கே லாபம் இருபடியாகத்தான் இருக்கும், நேரியல் நிபந்தனை பொருந்தவில்லை என்று செய்தி வந்து நின்றுவிடும். ஜிஆர்ஜி நான்லீனியர் என்று இருக்கட்டும்.

எல்லைமதிப்பு – இரவு 8:29
ஒவ்வொரு பருவத்திலும் இப்படி ஓர் இழை வந்துவிடுகிறது. கணக்கில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை எங்களை ஊகிக்கச் சொல்வது. தம்பி, முதல் வகைக்கெழு பூச்சியம் ஆனால் மட்டும் அது உச்சம் ஆகிவிடாது. இரண்டாம் வகைக்கெழுவின் குறியைப் பார்த்தீர்களா? அது நேர்மமாக இருந்தால் நீங்கள் பிடித்தது சிறுமம். நட்டம் வருகிறது என்பதே அதற்கு அடையாளம். இதெல்லாம் வகையிடல் தொடங்கும் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

நாள்மாதம் – இரவு 8:34
எனக்கு வேறு சந்தேகம். தேவை ஒரு நாளைக்கும், மாறாச் செலவு ஒரு மாதத்துக்கும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் அப்படியே கழித்தால் நட்டம் வராமல் என்ன செய்யும்? நான் முதலாண்டில் ஒரு கணக்கு முழுவதையும் இதில்தான் கோட்டை விட்டேன். கால அளவு என்ன என்று பாருங்கள்.

முதல்பருவம் – இரவு 8:52
மன்னிக்கவும், வழக்கமான கணக்குதானே, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.
விலை = 80 − 0.2 × அளவு
செலவு = 500 + 20 × அளவு
எல்லாமே ஒரு நாளைக்குத்தான். 80 − 0.2 × அளவு = 20 என்று போட்டேன், 300 வந்தது. இன்னும் இரண்டு கணக்கு பாக்கி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வருகிறேன்.

பழையமாணவி – இரவு 9:01
பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நீங்கள் விலையை இறுதிநிலைச் செலவுக்கு, அதாவது இன்னும் ஒன்றைச் செய்ய ஆகும் 20-க்கு, சமப்படுத்தியிருக்கிறீர்கள். சமப்படுத்த வேண்டியது இறுதிநிலை வருவாயை, அதாவது இன்னும் ஒன்றை விற்றால் கூடும் வருவாயை. நானும் இதே இடத்தில் ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வருவாய் = விலை × அளவு = 80 × அளவு − 0.2 × அளவு². இதை வகையிட்டால் 80 − 0.4 × அளவு. விலையில் இருந்த 0.2 இங்கே 0.4 ஆகிவிட்டது பாருங்கள், சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 80 − 0.4 × அளவு = 20 என்றால் அளவு 150, விலை 50. வருவாய் 7,500, செலவு 3,500, லாபம் 4,000.

ஏன் 0.4? 150 விற்கும்போது விலை 50. இன்னும் ஒன்றைக் கூடுதலாக விற்க வேண்டுமானால் விலையை 49.8-க்கு இறக்க வேண்டும். அந்த ஒரு பொருளுக்கு 49.8 கையில் வருகிறது. ஆனால் ஏற்கெனவே 50-க்குப் போய்க்கொண்டிருந்த 150 பொருளும் இப்போது 49.8-க்குத்தான் போகும். அதில் 150 × 0.2, அதாவது 30 போய்விடுகிறது. மிச்சம் 19.8. அதைத் தயாரிக்க 20 ஆகிறது. எனவே 151-ஆவது பொருள் 0.2 நட்டத்தில்தான் போகும், 150-லேயே நின்றுவிட வேண்டும். வாங்குபவர் கொடுக்கும் விலை வேறு, அந்த ஒரு விற்பனையால் நம் பெட்டியில் கூடும் தொகை வேறு.

300-ல் என்ன ஆனது என்றும் பாருங்கள். விலை 20-க்கு வந்துவிட்டது, ஒரு பொருளுக்கான மாறும் செலவும் 20. ஒவ்வொரு பொருளும் தன் செலவை மட்டும் ஈட்டிக்கொண்டு போகிறது, மாறாச் செலவுக்கு ஒரு காசுகூட இல்லை. அதனால்தான் நட்டம் மிகச் சரியாக 500.

பென்சில்முனை – இரவு 9:08
மிகத் தெளிவு. வகையிடாமலும் போடலாம். லாபம் = −0.2 × அளவு² + 60 × அளவு − 500, கீழ்நோக்கித் திறந்த பரவளையம், முனை 60 ÷ 0.4 = 150. லாபத்தைப் பூச்சியம் என்று வைத்தால் ஏறத்தாழ 8.6, 291.4 என்று இரண்டு புள்ளிகள் வரும். 9 முதல் 291 வரை லாபம், அதற்கு வெளியே நட்டம். 300 இரண்டாவது புள்ளியையும் தாண்டி வெளியே போய்விட்டது. தாளில் ஒரு படம் வரைந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

எல்லைமதிப்பு – இரவு 9:15
இரண்டாம் வகைக்கெழு −0.4. சரி, சிறுமம் என்று நான் சொன்னது இங்கே பொருந்தவில்லை. ஆனால் தம்பி செய்த பிழை இன்னும் அடிப்படையானது. விலை = இறுதிநிலைச் செலவு என்பது நிறைவுப் போட்டிக்கு உரியது. அங்கே ஒரு விற்பனையாளர் எவ்வளவு விற்றாலும் சந்தை விலை அசையாது. இங்கே விலையே அளவைப் பொறுத்து மாறுகிறது. எந்தச் சந்தை என்று பார்க்காமல் சூத்திரத்தை எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ 1838-லேயே கனிம நீர் ஊற்று ஒன்றின் ஒரே உரிமையாளரை எடுத்துக்கொண்டு இந்த வகையிடலைச் செய்து காட்டிவிட்டார். பாடம் புதிது அல்ல, படிப்பவர்கள்தான் படிப்பதில்லை.

நாள்மாதம் – இரவு 9:19
அது இருக்கட்டும், விடைப் பக்கத்தில் 3,820 என்கிறாரே. நமக்கு 4,000 வருகிறது. 180 எங்கே போனது?

விரிதாள் – இரவு 9:22
சால்வரிலும் 150, 4,000 என்றே வருகிறது. விடைப் பக்கத்தில் அச்சுப் பிழையாகத்தான் இருக்கும். 4,000 என்று எழுதி வழிமுறையைக் காட்டிவிடுங்கள்.

முழுச்செலவு – இரவு 9:31
நான் செலவுக் கணக்கு வேலையில் இருப்பவன், என் கருத்தையும் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அந்த 500-ஐ வகையிடும்போது தூக்கி எறிந்துவிடுகிறீர்கள். உண்மையான தொழிலில் மாறாச் செலவைப் பொருள்களின் மேல் பகிர்ந்துதான் விலையே வைப்போம். 150 செய்தால் ஒன்றின் முழுச் செலவு 23.33, 300 செய்தால் 21.67. அதிகம் செய்யச் செய்ய ஒன்றின் செலவு குறைகிறது. அளவைத் தீர்மானிப்பதில் 500-க்குப் பங்கே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பென்சில்முனை – இரவு 9:38
ஒன்றின் செலவைக் குறைப்பதுதான் குறிக்கோள் என்றால் இந்தக் கணக்கில் முடிவே கிடையாது. 500 ÷ அளவு + 20 என்பது இறங்கிக்கொண்டேதான் போகும். 300-ல் ஒன்றின் செலவு 21.67, விற்பதோ 20-க்கு. ஒன்றுக்கு 1.67 வீதம் 300-க்கும் போனால் அதே 500. மலிவாகச் செய்து நட்டத்தில் விற்பதில் என்ன பயன்? மாறாச் செலவு 500 ஆனாலும் 2,000 ஆனாலும் பரவளையம் மேலும் கீழும் நகருமே தவிர, முனை 150-ஐ விட்டு அசையாது.

முழுச்செலவு – இரவு 9:45
அப்படியானால் மாறாச் செலவு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 150 செய்யுங்கள் என்றுதான் சொல்வீர்களா? 500 நட்டம் வருமே.

பழையமாணவி – இரவு 9:53
இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறீர்கள். எவ்வளவு செய்வது என்ற கேள்விக்குள் மாறாச் செலவு வருவதில்லை. இந்தத் தொழிலில் இறங்கலாமா என்ற கேள்விக்குள் கட்டாயம் வரும். மாறாச் செலவைக் கழிக்கும் முன் இந்தக் கணக்கில் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் 4,500. அதற்கு மேல் மாறாச் செலவு போனால் எந்த அளவு செய்தாலும் நட்டம்தான், இறங்கவே வேண்டாம். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டு அந்த 5,000-ஐக் கட்டியாக வேண்டும் என்றால், அப்போதும் 150 செய்வதுதான் மேல். ஒன்றும் செய்யாமல் இருந்தால் 5,000 போகும், 150 செய்தால் 500-தான் போகும்.

முழுச்செலவு – இரவு 9:59
இறங்கலாமா என்ற கேள்வியில் வரும் என்றால் சரி, அது எனக்குப் போதும். ஆனால் விலைப்பட்டியல் போடும்போது முழுச் செலவைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பழையமாணவி – இரவு 10:06
அந்த 3,820 என்னை விடவில்லை. அச்சுப் பிழை என்றால் ஏதோ ஓர் எண்ணாக இருந்திருக்கும். பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 4,000-ல் 180 குறைய வேண்டும் என்றால் 0.2 × (அளவு − 150)² = 180. அதாவது 150-லிருந்து 30 தள்ளியிருக்க வேண்டும், 120 அல்லது 180. முழு எண்ணாக இவ்வளவு அழகாக வருவது தற்செயலாக இருக்க முடியாது. முதல்பருவம், உங்கள் கேள்வியில் 120 அல்லது 180 என்று எங்காவது இருக்கிறதா? முழுக் கேள்வியையும் ஒரு வரி விடாமல் போடுங்கள்.

எல்லைமதிப்பு – இரவு 10:12
நல்ல யோசனை. பின்னாலிருந்து போட எனக்குத் தோன்றவில்லை.

நாள்மாதம் – இரவு 10:40
ஆளைக் காணோமே.

முதல்பருவம் – இரவு 11:18
இருக்கிறது! "இந்நிறுவனத்தின் இயந்திரத்தால் நாளொன்றுக்கு 120-க்கு மேல் உற்பத்தி செய்ய இயலாது" என்று முதல் பத்தியில் ஒரு வரி. அது கதைக்காகச் சொன்னது என்று நினைத்துக் கணக்கில் எடுக்கவே இல்லை. அப்புறம், தம்பி இல்லை, தங்கை.

பென்சில்முனை – இரவு 11:22
அந்த வரியில்தான் கணக்கே இருக்கிறது. 150 செய்ய இயந்திரத்தால் முடியாது. 120 வரை லாபம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆகவே 120-லேயே நிறுத்த வேண்டும். விலை 80 − 24 = 56, வருவாய் 6,720, செலவு 2,900, லாபம் 3,820.

எல்லைமதிப்பு – இரவு 11:30
தங்கை என்று திருத்திக்கொள்கிறேன். இன்னும் ஒன்று எழுதினால் விடை முழுமையாகும். 120-ல் இறுதிநிலை வருவாய் 80 − 48 = 32, இறுதிநிலைச் செலவு 20. இடைவெளி 12. இயந்திரத்தின் திறன் ஓர் அலகு கூடினால் லாபம் ஏறத்தாழ 12 கூடும் என்று பொருள். 121-க்குப் போட்டுப் பாருங்கள், 3,831.8 வரும், கூடுதல் 11.8. இதை நிழல் விலை என்பார்கள். கூடுதல் திறனை வாடகைக்கு எடுக்கலாமா என்று ஒரு மேலாளர் கேட்டால் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். எல்லை வரும் கணக்குகளில் வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தை மட்டும் தேடக் கூடாது, இரண்டு எல்லைப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விரிதாள் – இரவு 11:34
சால்வரில் அளவு ≤ 120 என்று கட்டுப்பாடு சேர்த்துப் போட்டேன், 3,820. அச்சுப் பிழை என்று நான் சொன்னது தவறு. 4,000 என்று எழுதிவிடாதீர்கள்.

முதல்பருவம் – மறுநாள் காலை 10:05
கொடுத்துவிட்டேன். அளவு 120, விலை 56, லாபம் 3,820. அந்த 12-ஐயும் ஒரு வரியில் எழுதினேன். பழையமாணவி அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. அடுத்த வகுப்பு தொடங்கிவிட்டது, போகிறேன்.