கலைச்சொல்: மலர் ஈயின் சிறகில் ஓடும் கோடு

அன்புள்ள நண்பர்களுக்கு,

படத்தைப் பார்த்துப் பூச்சியை இனங்காண உதவும் நம் தமிழ்க் கையேட்டுக்காக, மலர் ஈயின் (பூக்களை நாடும் ஒரு குடும்ப ஈக்கள்; ஆங்கிலத்தில் hoverfly) சிறகில் நரம்பு போலத் தெரியும் கோட்டுக்குப் பெயர் தேடுகிறோம். ஒரு நண்பர் எழுதியது:

> "தனிநரம்பு" என்றே வைத்துவிடலாம். எதனோடும் ஒட்டாமல்தானே நிற்கிறது?

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டின் இரு முனைகள்தான் எதையும் தொடாமல் சவ்வில் மறைகின்றன. நடுவே அது ஒரு குறுக்கு நரம்பைக் கடந்து போகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் புதியவர், "இது இன்னொரு நரம்பைத் தொடுகிறதே, அப்படியானால் மலர் ஈ இல்லை" என்று ஒதுக்கிவிடுவார்.

படத்தில் இரண்டே சிறகுகளும் குட்டையான உணர்கொம்புகளும் தெரிந்தால் அது தேனீ அல்ல, ஈ என்று சொல்லிவிடலாம். அடுத்து, எந்தக் குடும்பம்? எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ் என்ற மலர் ஈ இனம் என்றால் கவலையில்லை. வயிற்றுக் கண்டங்களில் தடித்த கரும்பட்டையும் மெல்லிய கரும்பட்டையும் மாறிமாறி வந்து காட்டிக்கொடுத்துவிடும். எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற இன்னொரு மலர் ஈயோ தேனீயை உரித்துவைத்தது போல இருக்கும். அங்கேதான் சிறகைப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் இரண்டு மெய்யான நரம்புகளுக்கு இடையே, சவ்வே தடித்து மடிப்பாகி ஒரு கோடாகத் தெரியும். இதற்குத் தமிழில் தெளிவான பெயர் இல்லாமல் கையேடு எழுத முடியாது.

நம் குழுவின் அம்மையார் ஒருவர் முன்வைத்த "போலி நரம்பு" எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதற்போலி, கடைப்போலி என்று இலக்கணத்தில் வேரூன்றிய சொல். ஆயினும் தேனீயின் தோற்றம் கொண்ட ஈக்களைப் பற்றிப் பேசும்போது "போலித் தோற்றம்" என்பது அதே பக்கத்தில் பலமுறை வரும். இரண்டும் குழம்பும். எனவே பொய்நரம்பு என்பதே என் பரிந்துரை. வேனா ஸ்பூரியா என்ற இலத்தீன் பெயரின் பொருளும் அதுவே.

---

வணக்கம் ஐயா,

பொய்நரம்பு எனக்கும் உடன்பாடே. இலை நரம்பு பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல் என்பதால் சிறகு நரம்பும் யாருக்கும் இடறாது. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: சில பேரினங்களில் இக்கோடு மிக மங்கல். ஒளி சிறகின் மேல் நேராக விழுந்தால் படத்தில் காணாமலே போய்விடும். விளக்கத்தை இப்படி எழுதலாமா?

*பொய்நரம்பு: மலர் ஈக்களின் சிறகு நடுவே நீளவாக்கில் அமைந்த, நரம்பு போலத் தோன்றும் சவ்வுத் தடிப்பு. இரு முனைகளும் பிற நரம்புகளோடு இணைவதில்லை. இருந்தால் மலர் ஈ எனக் கொள்ள வலுவான சான்று. தெரியாவிட்டால் வேறு கோணத்தில் எடுத்த படத்தையும் பார்க்க.*